இரண்டு வயிறும் கொஞ்சம் கழுதைப்பாலும்

காத்து பிரிஞ்சுதா என்று என்னிடம் இன்னும் கேட்காதது இந்த வார்டில் அந்தச் சுவர்ப்பல்லி ஒன்றுதான். காலையில் சிஸ்டர் ரூபி கேட்டாள். கூட்டிப் பெருக்க வந்த அம்மா வாரியலை ஊன்றி நின்று கேட்டாள். பக்கத்துக் கட்டில் ஜெபக்கனி கண் விழித்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் கேட்டாள். அவளைப் பார்க்க வந்த பாஸ்டர் ஜெபத்தை முடிக்கிற நேரத்தில், இந்தச் சகோதரியின் வயிற்றுக்கும் விடுதலை தாரும் ஆண்டவரே என்று என் பக்கமாக ஒரு கையை நீட்டினார், நானும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஆமென் சொல்லிவைத்தேன், எங்கள் குலசாமி மாடசாமி கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் இது நல்ல காரியம்தானே. விவரம் தெரிந்த நாளிலிருந்து அடக்கு, அடக்கு என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று மத்தியானம் மொச்சைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பட்டுச்சேலையோடு பாயில் உட்கார்ந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், பெண் ரொம்ப அடக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிப் பழகிய வயிறு இன்றைக்கு ஊரே கூடி விடு, விடு என்றால் எப்படி விடும், அதற்கும் மானம் மரியாதை உண்டே. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தால் குடல் மயங்கித் தூங்கிவிடுமாம். காற்று பிரிந்தால்தான் முழித்துக்கொண்டது என்று அர்த்தமாம். அதுவரை சோறு கிடையாது, உதட்டை நனைக்க இரண்டு மடக்கு வெந்நீர், கையில் ஏறுகிற குளுக்கோஸ், அவ்வளவுதான். ஜெபக்கனிக்கு எனக்குப் பிறகுதான் ஆபரேஷன், அவளுக்கு நேற்றே பிரிந்துவிட்டது, இப்போது இட்லியைச் சாம்பாரில் முக்கி என்னைப் பார்த்துக்கொண்டே தின்கிறாள். பாவம் என்ற பார்வைதான், ஆனால் வாய் நிறைய இட்லியை வைத்துக்கொண்டு பாவப்படுகிறவளை எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் என் மகளைப் பற்றியும் இதே கேள்விதான். வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், முந்தாநாள் பிறந்தவள், இன்னும் பெயர் வைக்கவில்லை, காலில் கட்டிய பட்டையில் இசக்கியம்மாள் குழந்தை என்று என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்களாம். அவளையும் வெளிக்குப் போனாளா, போனாளா என்றுதான் டாக்டர்மார் வந்து வந்து பார்க்கிறார்களாம். தாயும் மகளுமாகச் சேர்ந்து ஒரு பெரியாஸ்பத்திரியையே காக்க வைத்திருக்கிறோம், வேறு எந்தக் குடும்பத்துக்கு இந்தப் பெருமை கிடைக்கும். நான் அவளை இன்னும் பார்க்கவில்லை. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது, யாரோ என் வயிற்றுக்குள் கையை விட்டு எதையோ தேடுகிற மாதிரி ஒரு இழுப்பு, அப்புறம் கொடி சுத்தியிருக்கு என்று ஒரு குரல், அப்புறம் ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்தால் அழும், எல்லாப் பிள்ளையும் அழும், நாம்தான் அழாதே, அழாதே என்று தூக்கிக்கொண்டு நடப்போம். அங்கே அழு, அழு என்று பெரிய பெரிய டாக்டர்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அது அழவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று யாராவது கேட்டால் காறித் துப்புவார்கள், தபால்காரர் வீட்டு அம்மாளுக்குத் தைத்த ஜாக்கெட்டில் கொக்கி வைக்காமல் கொடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். பயம் வந்தால் என் புத்தி ஓடிப்போய்த் துணிக்குள் ஒளிந்துகொள்ளும். மூன்று கொக்கியா, நான்கு கொக்கியா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஓடுகிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் ஜெசிமா நல்ல மாதிரி. என்னை விட வயதில் சின்னவளாகத்தான் இருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, நேற்று என் கட்டிலில் வந்து உட்கார்ந்தே சொன்னாள். "பாருங்கம்மா, பொறக்கும்போது பிள்ளைக்கு மூச்சுக் கிடைக்கல. காத்து பத்தாம போனா உடம்பு என்ன செய்யும், இருக்கிற ரத்தத்த மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிட்டு, குடலப் பட்டினி போட்டுரும். இப்போ ஆக்ஸிஜன் குடுக்கோம். குடுக்காம முடியாது. ஆனா பட்டினி கெடந்த குடலுக்குத் திடீர்னு அது வந்து பாஞ்சா, அதுவே சில நேரம் குடலப் புண்ணாக்கிரும். அதனால தேவைக்கு மட்டும் அளந்து குடுத்து, கொஞ்சங் கொஞ்சமா குறைச்சுட்டு வாரோம். குடல் தூங்கி எந்திரிக்கட்டும். அதுவரைக்கும் வாய் வழியா ஒரு சொட்டு போகக் கூடாது. வயிறு உப்பக் கூடாது, பிள்ள வெளிக்குப் போகணும், போனதுல ரத்தம் இருக்கக் கூடாது. அதுக்கப்புறந்தான் பால்." ரத்தம் இருந்தா என்று கேட்டேன். டாக்டர் கழுத்தில் கிடந்த குழாயைச் சரிசெய்துகொண்டு, "அப்போ வேற மாதிரி பாக்கணும்" என்றாள். வேற மாதிரி. நேற்றிலிருந்து இந்த இரண்டு வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன், வேற மாதிரி என்றால் எந்த மாதிரி, அதைக் கேட்க வாய் வரவில்லை. ஆக்ஸிஜன் என்றால் சாமி பெயர் மாதிரி, எவ்வளவு கூடினாலும் நல்லதுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஆறாம் வகுப்பில் என்னை நூறு தடவை எழுத வைத்த டீச்சர், இப்படி என் பிள்ளையின் குடலில் வந்து நிற்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணி அளக்கிற இஞ்சி டேப்பை வைத்து அவள் வயிற்றை அளக்கிறார்களாம், காலையும் மாலையும். கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது, டேப் என்றால் நமக்குத் தெரிந்த சாமான். இன்றைக்கு அளவு கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் தலையைச் சொறிகிறார். மைக்செட் கடை வைத்திருக்கிற மனுஷன், கோயில் கொடைத் திருவிழா என்றால் மூன்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சத்தம் கொடுப்பார், வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு சேதியைச் சிந்தாமல் கொண்டுவர அவரால் முடியாது. "நல்லா இருக்காட்டி, வெரலெல்லாம் எங்கய்யா வெரலு மாதிரியே நீளமா இருக்கு" என்கிறார். விரலை யார் கேட்டார்கள், நான் வயிற்றைக் கேட்கிறேன்.

விரல், மூக்கு, நிறம் எல்லாம் அவர் வீட்டு வழி என்று முதல் நாளே தீர்ப்பாகிவிட்டது. பாக்கி இருப்பது குணம் மட்டும்தான். அதையும் எடுத்துக்கொள்ளத்தான் ஆவுடை மதினி பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. நேரில் வாங்க, போங்க, மனசுக்குள் வா, போ, நாத்தனார் உறவில் இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் பெண்கள் எப்படிப் பிழைப்பது. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் சொட்டு சேனை வைப்பார்கள். சீனித்தண்ணியோ, தேனோ, குடும்பத்தில் ஒருவர் விரலால் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும், யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். அதனால் ஆளைப் பார்த்துத்தான் வைப்பார்கள். எங்கள் வீட்டில் ஆளைப் பார்க்கிற வேலையே இல்லை, மதினி அவளே அவளைப் பார்த்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் பிறந்தபோதும் சேனை வைத்தது அவள்தானாம், அப்போது அவளுக்குப் பத்து வயது. மதினி வாயைத் திறந்தாலே மூன்று ஊருக்குக் கேட்கும், இவர் ஏன் மைக் வாங்கினார் என்று இந்தச் சேனைக் கதையைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மதினி வெறும் சீனித்தண்ணியோடு வருகிற ஆளும் இல்லை. கழுதைப்பால். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருகிறவனை நிறுத்தி, கண் முன்னால் கறக்கச் சொல்லி, கழுவிய இருமல் மருந்துக் குப்பியில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். குரல் கணீரென்று இருக்குமாம், பச்சைப் பிள்ளைகளுக்கு வருகிற செவ்வாப்பு நோய் வராதாம். கூடவே அவள் பிள்ளைகள் மூன்றுக்கும் ஊட்டிய வெள்ளிச் சங்கு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, இந்தச் சங்கு என்ன கெடுக்கப் போகிறதோ. நேற்று டாக்டர் ஒரு சொட்டு கூடாது என்றபோது, "ஐயோ, கூடவே கூடாது டாக்டர்" என்று மதினிதான் எல்லோருக்கும் முன்னால் தலையாட்டினாள். மதினி ஒரு விஷயத்தை ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டால் உடனே வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதை யோசிக்கவும்தான் பார்க்கிறேன், ஃபிளாஸ்க் இங்கேயே இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் காப்பி வாங்கிட்டு வாரேன் என்று போனாள் மதினி, ஜன்னலில் ஃபிளாஸ்க் அப்படியே நிற்கிறது, காப்பியை முந்தானையிலா வாங்கிவருவாள். கட்டிலில் தொங்குகிற அவள் பையைக் கையை எட்டித் தடவுகிறேன், துண்டு இருக்கிறது, சீப்பு இருக்கிறது, விபூதிப் பொட்டலம் இருக்கிறது, குப்பியைக் காணோம். சங்கையும் காணோம். இருக்கட்டும், பதறாதே இசக்கி, கழுவ எடுத்துப் போயிருப்பாள், நிரம்பிய குப்பியை எதற்குக் கழுவ வேண்டும், கெட்டுப்போனது என்று கொட்டப் போயிருப்பாள், மதினி எதையாவது கொட்டி நான் பார்த்ததுண்டா, போன தீபாவளி முறுக்கு இன்னும் அவள் வீட்டு டப்பாவில் இருக்கிறது. உள்ளே விட மாட்டார்கள், தாய் தகப்பனைத் தவிர யாரையும் விட மாட்டார்கள், வாசலில் காவல் இருக்கிறது. காவல். கோயில் கொடையில் போலீஸ்காரரைத் தள்ளிக்கொண்டு போய் முதல் வரிசையில் பூக்குழி பார்த்தவளுக்கு ஒரு செக்யூரிட்டியா. ஒரு சொட்டுதானே. ஒரு சொட்டு என்ன செய்யும். ஒரு சொட்டு போகக் கூடாது என்று டாக்டர் ஒரு சொட்டைத்தானே சொன்னாள், ஒரு படி போகக் கூடாது என்று சொல்லவில்லையே. புண்ணாகிக் கிடக்கிற குடலில், என் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காதே அது, அதில் தெருக்கழுதையின் பால் போய் இறங்கினால். வேற மாதிரி. சட்டைக்குக் கை வெட்டுகிறபோது கத்தரி ஒரு நூல் தப்பினால் துணியே பாழ், அப்புறம் ஒட்டுப் போட்டாலும் தெரியும். ஜாக்கெட்டுக்காவது வேறு துணி எடுக்கலாம்.

போனை எடுத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறேன். குளித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனவர் பஸ்ஸில் இருக்கிறார், பஸ்ஸில் பாட்டு ஓடுகிறது. "உங்கக்கா கழுதைப்பால எடுத்துட்டுப் பிள்ளகிட்ட போயிருக்காங்க!" என்கிறேன். "என்னது, கழுத வந்துருக்கா? ஆஸ்பத்திரிக்குள்ளயா? எவன் விட்டான்?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார். வைத்துவிட்டேன். சிஸ்டர் ரூபியைக் காணோம், ஊசி மருந்து எடுக்கப் போயிருக்கிறாளாம். நான்தான் எழுந்திருக்க வேண்டும். காலையில் ஒரு தடவை எழுப்பி நிற்க வைத்தார்கள், தையல் போட்ட இடத்தில் யாரோ கொக்கியை மாட்டி இழுத்த மாதிரி இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். இப்போது ஒருக்களித்து, கையை ஊன்றி, காலைத் தொங்கப்போட்டு, யம்மா, வயிற்றுக்குள் காற்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருளுகிறது, இடியும் மின்னலும்தான், மழையை மட்டும் காணோம். ஜெபக்கனி இட்லித் தட்டை வைத்துவிட்டு, "எங்கக்கா போறீய?" என்கிறாள். சொன்னேன். அவள் கண் விரிந்தது. "ஏசப்பா, கழுதைப்பாலா" என்று தன் வயிற்றையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் குளுக்கோஸ் கம்பியை இன்னொரு கையால் தள்ளிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். இட்லி தின்றதற்காக அவளைத் திட்டியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் குனிந்தபடி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடக்கிறோம், கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவர்களுக்கு இருக்கிற வேகம்கூட இல்லை, எதிரே ஸ்ட்ரெச்சர் தள்ளி வருகிறவர் ஓரம் ஓரம் என்கிறார், நாங்கள் ஓரத்தில்தான் இருக்கிறோம், எங்களுக்கு நடு என்று ஒன்று இல்லை.

ஏன் இந்த வராந்தா இவ்வளவு நீளம். நடக்க நடக்க மதினியை மனசுக்குள் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டுக்கொண்டே போகிறேன், அவளுக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள், மூன்றும் அவள் பேச்சைக் கேட்காதவை, அதற்கு என் மகள்தான் கிடைத்தாளா, குணம் வர வேண்டுமாம் குணம், என் மகள் யார் குணத்தோடும் வரட்டும், மதினி குணத்தோடேயே வரட்டும், பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடட்டும், மாமியாரை எதிர்த்துப் பேசட்டும், முறுக்கை ஒரு வருஷம் பூட்டி வைக்கட்டும், வரட்டும், வந்தால் போதும். இப்படி நினைத்ததும் கால் நின்றுவிட்டது. அக்கா, நிக்காதீய என்கிறாள் ஜெபக்கனி. வந்தால் போதும் என்று நினைத்தால் வராமலும் போகலாம் என்று ஆகிவிடுகிறதே. இரண்டு நாளாக அந்தப் பக்கம் போகாமல் புத்தியை இழுத்து இழுத்து இட்லியிலும் கொக்கியிலும் கட்டி வைத்திருந்தேன், அது இப்போது அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பச்சைத் துணியும், அழு, அழு என்ற கெஞ்சலும், ஓடுகிற செருப்புச் சத்தமும். அழுதுவிடலாம் போல இருக்கிறது, அழுதால் தையல் வலிக்கும், சிரித்தாலும் வலிக்கும், இரண்டுக்கும் வழியில்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடக்கிறேன்.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் செக்யூரிட்டி, அண்ணாச்சி என்று கூப்பிடுகிற வயசு, பெரிய மீசை. "யாரு வேணும்?" இசக்கியம்மாள் குழந்தைய பாக்கணும் அண்ணாச்சி. "அம்மாவோ அப்பாவோதான் போகணும்." நாந்தான் அம்மா. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார், "இசக்கியம்மா கொழந்தையோட அம்மா ஏற்கெனவே உள்ள இருக்காங்க." எனக்குச் சட்டென்று ஒரு நொடி, அப்படியா, நல்லது என்றிருந்தது. அப்புறம்தான் விஷயம் உறைத்தது. "அது நான் இல்ல அண்ணாச்சி!" "அதத்தான நானும் சொல்லுதேன், அது நீங்க இல்ல." ஜெபக்கனி முன்னால் வந்து, "அண்ணாச்சி, உள்ள போன அம்மாவுக்கு காலேஜ்ல படிக்கிற மகன் இருக்கான், அவங்களுக்கா முந்தாநாள் பிள்ள பொறந்துச்சு?" என்றாள். "ஏம்மா, இந்தக் காலத்துல யாருக்கு எந்த வயசுல பொறக்குதுன்னு நான் கேட்டா அது மரியாதையா? கண்ண நிறைச்சுட்டு வந்து, பெத்த வயிறு துடிக்குன்னு சொன்னாங்க, விட்டேன்" என்றார் அண்ணாச்சி, மீசையில் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. நான் வேறு என்ன செய்ய, நைட்டியைத் தூக்கித் தையலையா காட்ட முடியும், உள்ளே அவள் குப்பியைத் திறந்துகொண்டிருப்பாள், இங்கே நான் தாய்தான் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கு வந்த ஆத்திரத்தில், "தள்ளுங்க அண்ணாச்சி!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டேன். மேலே ஒரு சத்தம்தான் போட நினைத்தேன். கீழேயும் ஒன்று போனது. இரண்டு நாளாக ஒரு வார்டே தவம் கிடந்த சத்தம், சின்னதாகவும் இல்லை, வராந்தா சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பிரிஞ்சிட்டு! ஸ்தோத்திரம்! அக்காவுக்குப் பிரிஞ்சிட்டு!" என்று ஜெபக்கனி கையைத் தூக்கினாள். எனக்கு வெட்கம் வரவில்லை, பசி வரவில்லை, ஒன்றும் வரவில்லை, கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. பச்சை அங்கி, தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், ஆவுடை மதினி. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "குடுத்துட்டீங்களா மதினி?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. மதினி மாஸ்க்கை இறக்கினாள். உதட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு. "நான் குடிச்சுட்டேன்" என்றாள். என்னது? "நானே குடிச்சுட்டேன்டி. குப்பியத் தொறந்து சங்குல ஊத்திட்டேன். பெட்டிகிட்ட போய்ப் பாத்தா, மூக்குல ஒரு குழாய், வாயில ஒரு குழாய், பிளாஸ்திரி, எங்க தொட்டு வைக்க? சங்கப் பிடிச்சுட்டு நின்னேன். அதுக்குள்ள சிஸ்டர் வந்துட்டா. என்ன செய்ய, வாயில ஊத்திக்கிட்டேன்." எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "டாக்டர் அவ்வளவு சொல்லியும் எப்படி மதினி மனசு வந்துச்சு? பிள்ளைய கொல்லப் பாத்தீங்களா?" இப்படி ஒரு வார்த்தையை மதினியிடம் நான் பேசியதே இல்லை. அவள் பதிலுக்குப் பாய்வாள் என்று ஜெபக்கனி என் முன்னால் வந்து நின்றுகொண்டாள். மதினி பாயவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு சுவரில் சாய்ந்தது. "ஒண்ணுமே ருசி பாக்காம போயிருமோன்னு பயமா இருந்துச்சு இசக்கி" என்றாள். "நாக்குல ஒரு சொட்டு படாம ஒரு பிள்ள போயிரக் கூடாதுல்ல. எல்லாரும் பொழச்சுரும், பொழச்சுரும்னு சொல்லுதாங்க, நீயும் சிரிச்சுக்கிட்டே கெடக்க. எனக்கு மட்டுந்தான் பயமா இருக்குன்னு நெனச்சேன்." மூன்று ஊருக்குக் கேட்கிற குரல், கழுதைப்பால் வேறு குடித்திருக்கிறாள், பக்கத்தில் நின்ற எனக்கே காதைக் கொடுத்தால்தான் கேட்டது. நானும் அதைத்தான் இரண்டு நாளாக நினைக்காமல் இருந்தேன் மதினி என்று சொல்ல வந்து, அவள் உதட்டுக்கு மேலிருந்த கோட்டை என் கையால் துடைத்துவிட்டேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு சிஸ்டர் ஓடிவந்தாள். "யாரும்மா டயப்பர எடுத்துட்டு வந்தது? டாக்டர் பாக்கணும்னு தனியா வைக்கச் சொன்னாங்க, காணோம்!" மதினி என்னைப் பார்த்தாள், நான் மதினியைப் பார்த்தேன். அவள் மெதுவாகப் பச்சை அங்கியை ஒதுக்கி, இடுப்பில் செருகியிருந்த முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "தாய்னு நெனச்சு என்னையத்தான் மாத்தச் சொன்னா இந்தப் புள்ள. பெத்தவ பாக்காண்டாமா, அதான் மடியில வச்சுக் கொண்டாந்தேன்" என்றாள். பாலை உள்ளே கடத்தப் போனவள் இதை வெளியே கடத்தி வந்திருக்கிறாள். போயிட்டாளா, என் மகள் போயிட்டாளா என்று கேட்கக்கூட எனக்கு நேரமில்லை, பொட்டலத்தைப் பிடுங்கி அண்ணாச்சியின் நாற்காலியில் வைத்துப் பிரித்தேன், அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு வருஷமாகத் துணி தைக்கிறேன், சேலைக்கு நிறம் பொருத்தி நூல் எடுக்கிற கண் இது, அரக்கிலிருந்து மெரூனை, மெரூனிலிருந்து குங்குமத்தைப் பிரிக்கத் தெரியும், சிவப்பில் எந்தச் சிவப்பு ஒளிந்திருந்தாலும் என்னை ஏமாற்ற முடியாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பாட்டில் பச்சை. கறுப்பு ஓடின பாட்டில் பச்சை. ஓரத்தில் கொஞ்சம் பாசிப் பச்சை. திருப்பிப் பார்த்தேன், மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன், சிவப்பு இல்லை, ஒரு நூல் அளவு இல்லை. இருந்தாலும் என் கண்ணை நான் நம்பவில்லை, மற்றவர்கள் சேலைக்கென்றால் நம்பலாம்.

டாக்டர் ஜெசிமா வந்து கூட்டத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த டயப்பரைப் பார்த்தாள், ஆஸ்பத்திரியில் இதைவிடப் பார்த்திருப்பாள் போல. குனிந்து நிதானமாகப் பார்த்தாள். நாங்கள் மூன்று பெண்களும் மூச்சு விடவில்லை, அண்ணாச்சியும் விடவில்லை. "ரத்தம் இல்ல" என்றாள் டாக்டர். "வயிறும் இளகியிருக்கு, அளவும் கூடல. ஆக்ஸிஜனையும் பாதிக்கு மேல குறைச்சாச்சு, தாங்கிக்கிட்டா. இன்னும் ரெண்டு மூணு நாள் கவனமாத்தான் பாக்கணும், ஆனா குடல் முழிச்சிருக்கு. தாய்ப்பால்ல ஆரம்பிச்சுப் பாக்கலாம், குழாய் வழியா, ஒரே ஒரு எம்.எல்." டயப்பரைத் தேடி வந்த சிஸ்டர் எங்களைச் சுற்றிப் பார்த்தாள். பச்சை அங்கியோடு நிற்கிற மதினி, குளுக்கோஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜெபக்கனி, கையில் டயப்பரோடு நான். "அம்மா யாரு?" என்றாள்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வருகிறது. அழுகை. கீச்சென்று, நின்று நின்று, தெரியாத வேலையைப் புதிதாகச் செய்து பார்க்கிற மாதிரி. உள்ளே எத்தனையோ பிள்ளைகள் இருக்கும், நான் அவள் அழுது கேட்டதே இல்லை, அது அவள்தானா என்று எனக்கு எப்படித் தெரியும். "ஏட்டி" என்று மதினி என் தோளைத் தொடுகிறாள், "ஏட்டி இசக்கி, கீழ பாரு." குனிந்து பார்த்தேன். நைட்டி நெஞ்சில் இரண்டு பக்கமும் நனைந்து, ஈரம் பரவிக்கொண்டே போகிறது, எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்திருக்கிறது. சிஸ்டர் அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. மதினி பச்சை அங்கியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள், அண்ணாச்சி கதவைத் திறந்து பிடித்தார்.